வலப்பக்கத்திலிருந்து நாலாவது

தலைகீழாகப் படுத்துக்கொண்டால் இடது எது வலது எது என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டும், இது வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற அத்தப்பனுக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும், தெரிந்து என்ன, இப்போதும் அதே காருக்குள் அதே மாதிரிதான் கிடந்தார், தலை பிரேக் மிதிக்குக் கீழே, முதுகு தரை விரிப்பில், இரண்டு கால்களும் திறந்த கதவுக்கு வெளியே பரமத்தி ரோட்டுப் புழுதியில், முகத்துக்கு ஒரு சாண் மேலே பியூஸ் பாக்ஸ். மேல்வரிசையில் ஒன்பது, நடுவரிசையில் ஒன்பது, கீழே ஏழு. சிவப்பு, நீலம், மஞ்சள், மறுபடியும் சிவப்பு. ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கிக் காதுக்குள் அடித்தது. இது இருபது நிமிஷ வேலை. முன்கண்ணாடியில் ரோட்டைப் படம் பிடிக்க மாட்டியிருக்கிற கேமராவுக்குப் போகிற ஒயரைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கிச் சரியான இடத்தில் சொருக வேண்டும், அவ்வளவுதான், ஆனால் உள்ளே போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே வந்தால் முகத்தைக் காட்ட வேண்டும். இங்கே காலை மட்டும் காட்டினால் போதும். பக்கத்துப் பஞ்சர் கடை சாதிக் அதையும் விடவில்லை. "அத்தப்பண்ணே, தூங்கிட்டீங்களா? காலை ஒருக்கா ஆட்டுங்க, உசுரோட இருக்கீங்கன்னு தெரியட்டும்." அத்தப்பன் வலது காலை ஆட்டினார். வெளியே யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது, அவளுடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், முதல் நாள் வந்தபோது சிரித்தாள், கோகிலவாணி என்று பெயர், மோகனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை, வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம், அவர் விட்டுப்போன வண்டி இது, நாற்பத்தேழு வயதில் ஓட்டப் பழகி, லைசென்ஸுக்கு இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை வாங்கினாளாம். அவர் ஒன்றும் கேட்காமலே இத்தனையும் அவளாகச் சொன்னாள். ரோட்டில் மாட்டை ஓட்டி வந்தவன் வண்டிமேல் தப்புச் சொல்லிச் சண்டை பிடித்தானாம், அதனால் கேமரா. "பொம்பளை ஓட்டுனா எல்லாத் தப்பும் எம்மேலதானுங்க வருது. இனி இது பாத்துச் சொல்லட்டும்" என்று சொல்லித்தான் சிரித்தாள்.

பாத்துச் சொல்லட்டும். அந்தச் சொல் பிரேக் மிதியில் தொங்குகிற மாதிரி நெற்றிக்கு நேரே நின்றது. அவள் அதைச் சொன்னது கேமரா மாட்ட வந்த புதன்கிழமை. பியூஸ் பாக்ஸுக்கு வருகிற கரண்ட் இரண்டு வகை, ஒன்று நேர்க் கரண்ட், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராப்பகலாக ஓடுவது, இன்னொன்று சாவிக் கரண்ட், சாவியைத் திருப்பினால்தான் வரும், எடுத்தால் போய்விடும். கேமராவைச் சாவிக் கரண்டில் கொடுக்க வேண்டும். நேர்க் கரண்டில் கொடுத்தால் வண்டி நிற்கிறபோதும் அது பாட்டுக்குப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் இது தெரியும். பியூஸ் பாக்ஸ் மூடியில் எது எதற்கு என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும், அதை அவர் படிப்பதில்லை, படிக்க வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றது படிப்பு. அதற்குப் பதில் எண்ணுவார். டெஸ்ட் லேம்பின் ஊசியை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, சாவி போட்டால் எரிந்து சாவி எடுத்தால் அணைகிறது எது என்று கண்டுபிடித்து, எத்தனையாவது வரிசை எத்தனையாவது இடம் என்று மனசில் முடிந்துகொள்வார். புதன்கிழமையும் அப்படித்தான் செய்தார். கதவோரம் மண்டியிட்டுக் குனிந்து பார்த்து முடிந்துகொண்டது: நடுவரிசை, இடமிருந்து நாலு. எழுந்து போய் டப்பாவிலிருந்து கேமரா ஒயரின் நுனியில் மாட்டுகிற பியூஸ் சொருகியை எடுத்து வந்தார். மண்டியிட்ட முட்டி வலித்தது, அறுபத்துமூன்று வயது முட்டி, அதனால் இந்தத் தடவை மல்லாக்கப் படுத்து உள்ளே போனார். நடுவரிசை, இடமிருந்து நாலு. எண்ணினார், சொருகினார். அவருடைய இடப்பக்கம் வண்டியின் வலப்பக்கமாகிப் போனது அவருக்கு உறைக்கவில்லை. ஒன்பதில் இடமிருந்து நாலாவது என்றால் வலமிருந்து ஆறாவது. வலமிருந்து நாலாவது வேறொன்று, அது நேர்க் கரண்ட், உள்விளக்குக்குப் போவது. நாலும் ஆறும் பத்து. ஒன்பதுக்குள் பத்து எப்படி வந்தது என்றால் அந்த ஒன்றை இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிவிடுகிறோம். இந்தக் கணக்கைப் பதினாறு நாளாக அவர் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்தத் தடவையாவது வேறு விடை வராதா என்று.

அதுகூடப் போகட்டும். எண்ணுகிறவன் தப்பாக எண்ணுவான், அதற்குத்தான் சரிபார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. சொருகியபின் சாவியைப் போட்டு எரிகிறதா என்று பார்க்க வேண்டும், சாவியை எடுத்து அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்தார். அந்த அம்மாள்தான் எட்டிச் சாவியைத் திருப்பினாள், அவருடைய தலைக்கு நேர் மேலே அவளுடைய கை, கண்ணாடி வளையல் இரண்டு, சேலைத் தலைப்பு அவர் முழங்காலில் பட்டு நகர்ந்தது, அவருக்கு மூச்சு நின்றுபோனது. பொம்பளைகள் பக்கத்தில் நின்றால் அவருக்கு எப்போதும் இப்படித்தான், கல்யாணமாகி மூன்று மாசம் வரைக்கும் பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்காமல் தானே போய் மொண்டு குடித்தவர். கேமரா பளிச்சென்று கண்ணைத் திறந்தது. "எரியுதுங்களா?" என்றாள். "எரியுதுங்க." இன்னும் ஒரே ஒரு வார்த்தை, "அணைங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சாவியை எடுங்கம்மிணி என்று. நாலே எழுத்து. அதைச் சொன்னால் அவள் இன்னொரு தடவை குனிவாள், தலைப்பு இன்னொரு தடவை படும். "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் திருப்புளிகளை எண்ணி டப்பாவில் வைத்தார். பதினொன்று. பதினொன்றும் சரியாக இருந்தது.

பாதத்துக்கு வெயில் வந்துவிட்டது, பெருவிரல் சுட்டது, காலை இழுத்துக்கொள்ளலாம், இழுத்தால் எழுந்துவிட்டார் என்று நினைப்பார்கள். வெளியே அவளுடைய கொழுந்தன் குப்புராசு ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பேசி முடித்துவிட்டு அவளிடம் திரும்பினான், அண்ணன் சம்சாரத்தை அவன் நங்கையா என்றுதான் கூப்பிட்டான், குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, அதுதான் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் சொல்றது உங்க நல்லதுக்குத்தான் நங்கையா. வண்டி எங்கிட்ட இருக்கட்டும். உங்களுக்கு எங்காச்சும் போவோணும்னா ஒரு போனு, நான் வந்து கூட்டீட்டுப் போறேன்." "தெனமும் மோகனூருக்கா குப்புராசு?" "அதுக்குத்தான் பஸ்ஸு இருக்குதே. மின்ன போய்ட்டிருந்தீங்கதான?" "ரெண்டு பஸ்ஸு மாறோணும்." "மாறுனா என்ன, பஸ்ஸுல யாரும் லைட்டை அணைக்கச் சொல்ல மாட்டாங்கல்ல" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான், பிறகு சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டிருக்கும், "பிரதீபா இன்னும் எங்கிட்டயே சரியாப் பேச மாட்டேங்கறா, அதான்" என்றான். சாதிக் கடையின் காற்று எந்திரம் டுபுடுபுவென்று அடிக்கத் தொடங்கியது, அத்தப்பன் அதற்கு நன்றி சொன்னார்.

பிரதீபா குப்புராசுவின் மகள். இருபத்துமூன்று வயது. அரசு வேலைத் தேர்வுக்கு ஒன்றரை வருஷம் படித்த பெண், தேர்வு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாள் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் நிறுத்திய காரை ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு எடுக்கப் போனால் டிக் டிக் என்கிறது, கிளம்பவில்லை. தள்ளினார்களாம். பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்டார்களாம். கடைசியில் ஆட்டோ பிடித்துப் போனபோது ஒன்பது மணி நாலு நிமிஷம், ஒன்பதுக்குக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். நாலு நிமிஷம். எல்லாவற்றிலும் இந்த நாலு வந்து நிற்கிறது என்று அத்தப்பனுக்கு முதுகு சில்லிட்டது, அவர் சகுனத்தில் நம்பிக்கை உள்ளவர் இல்லை, ஆனாலும் சில்லிட்டது. அன்றைக்கு மத்தியானம் வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுத்து இங்கேதான் ஓட்டி வந்தாள். கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்த முகம். அத்தப்பன் கதவைப் பிடித்து நின்றுகொண்டு, பேட்டரி இறங்கிய எந்த வண்டி வந்தாலும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார், முப்பத்தெட்டு வருஷம் கேட்டுக் கேட்டு நாக்கு தானாகக் கேட்கிற கேள்வி: "ராத்திரி லைட்டு எதாச்சும் போட்டு உட்டுட்டீங்களாம்மிணி?" அவள் யோசித்தாள். எவ்வளவு நேரம் யோசித்தாள். "அணைச்ச மாதிரிதானுங்க நெனப்பு. எல்லாரும் நாந்தான் மறந்துட்டேங்கறாங்க. மறந்துட்டனோ என்னமோ." அப்போதுதான் பார்த்தார். எஞ்சினை அணைத்துச் சாவியை அவள் மடியில் வைத்திருந்தாள். சாவி மடியில், மேலே கண்ணாடியில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது மின்னலில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, மண்டியிட்டது, மல்லாந்தது, இடது, வலது, சேலைத் தலைப்பு, எல்லாம். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தைக்காக. அத்தப்பன் சொன்னார்: "இருக்குமுங்க."

இருக்குமுங்க. இதைவிடச் சின்னப் பொய் உலகத்தில் உண்டா. பொய்கூட இல்லை, இருக்கும் என்றால் இருக்கலாம் என்றுதானே அர்த்தம், எதுதான் இல்லாமல் இருக்கும். அவள் தலை அப்படியே தாழ்ந்தது, சந்தையில் விலை படிந்த மாட்டின் தலை மாதிரி. அவர் கையை நீட்டிக் கேமராவின் பின்னாலிருந்த ஒயர் முளையைப் பிடுங்கினார், "இதுக்கு ஒரு செட்டிங்கு இருக்குதுங்க, இன்னொரு நாளைக்குக் கொண்டாங்க, அதுவரைக்கும் மாட்ட வேண்டாம்" என்றார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, அதை அவள் அவருடைய நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டாள், கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. வீட்டில் பெண்டாட்டி கேட்டாள், "ஏனுங்க, ரெண்டு வாரமாச் சோத்தைப் பருக்கை பருக்கையா எண்ணிட்டிருக்கறீங்க?" எண்ணவில்லை என்றார். எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

கழுத்து மரத்துவிட்டது. சற்றே தலையைத் திருப்பியபோது ஸ்டியரிங் தண்டுக்கு அடியில், உட்கார்ந்து ஓட்டுகிறவர் குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது. போன தடவை அது இல்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள். இடது ஓரத்தில் தமிழில், குண்டு குண்டாக, அவருக்குப் படிக்க வருகிற எழுத்தில்: பெரிய லைட். சின்ன லைட். உள்லைட். ஏசி. பாட்டு. கதவு. எதிரே கட்டம் கட்டமாக நீல மையில் சரி போட்டிருந்தது. எண்ண வேண்டாம் என்று நினைத்தார். எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. ஆறு வரிசை, பதினாறு பத்தி. அந்த ஞாயிறு ராத்திரியிலிருந்து நேற்று ராத்திரி வரைக்கும் பதினாறு ராத்திரி, ஒரு நாள் விடாமல், கொட்டகையில் காரை நிறுத்திவிட்டு இந்த இடத்தில் தலையைக் குனிந்து ஆறு தடவை பேனாவை வைத்திருக்கிறாள். தொண்ணூற்றாறு கட்டத்திலும் சரி. சில நாளில் ஒரே கட்டத்தில் இரண்டு சரி போட்டிருந்தது, வீட்டுக்குள் போய்ச் சந்தேகம் வந்து திரும்பி வந்து பார்த்திருப்பாள். ஐந்தாவது நாளில் உள்லைட்டுக்கு எதிரே மூன்று. உள்லைட், வலப்பக்கத்திலிருந்து நாலாவது. தலை கீழே இருந்ததால் கண்ணீர் புருவத்தின் மேல் வழிந்து தலைமுடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. கண்ணீர்கூட அவருக்குத் திசை மாறித்தான் போகிறது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள். வாத்தியார் பாடத்தைப் பையன்களை வரிக்கு ஒருவனாக எழுப்பி வாசிக்கச் சொல்வார், அத்தப்பனுக்கு அப்போது வாசிக்க வராது, ஆனால் எண்ண வரும், தான் பெஞ்சில் பதினோராவது, ஆகவே பதினோராவது வரி, பக்கத்தில் இருந்தவனைக் கெஞ்சி அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்வார், ஒரு வருஷம் முழுக்க அப்படித் தப்பினார். அன்றைக்கு வாத்தியார் கதவுப் பக்கத்திலிருந்து தொடங்காமல் ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்கினார். அத்தப்பன் எழுந்து நின்று பதினோராவது வரியைக் கணீரென்று சொன்னார், வகுப்பே கொல்லென்று சிரித்தது, வந்திருந்தது ஆறாவது வரி. வாத்தியார் அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருக்கும். "எங்கிருந்து எண்ணறேன்னு பாத்து எண்ணுடா" என்று மட்டும் சொன்னார். ஐம்பத்துமூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்குத் தப்புச் செய்தவனும் அவன்தான், சிரிப்புக்கு நின்றவனும் அவன்தான். இங்கே தப்பு ஒருத்தருடையது, நிற்பது வேறொருத்தி. அதுதான் வித்தியாசம். அதுதான் தாங்கவில்லை.

இத்தனை யோசனைக்குள்ளும் கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. தப்பான சொருகியைப் பிடுங்கியாயிற்று. இடது என்று வாய்விட்டுச் சொன்னார். இடது, வண்டிக்கு இடது, எனக்கு வலது. நடுவரிசை. ஒன்று இரண்டு மூன்று நாலு. அந்தப் பக்கமிருந்து ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து ஆறு. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. சொருகினார். இனி எழுந்து, கேமராவின் முளையை மாட்டி, சாவியைப் போட்டால் வேலை தீர்ந்தது. அதற்குப் பிறகு வாய் திறக்க வேண்டியதே இல்லை, அது அவருக்கு நன்றாகத் தெரியும், கேமரா விற்ற கடைக்காரன் சொல்லியிருக்கிறான்: உள்ளே இருக்கிற கார்டு ஆறு மணி நேரப் படம் பிடிக்கும், நிறைந்தால் பழசைத் தானாக அழித்துப் புதுசை எழுதிக்கொள்ளும். பதினாறு நாளாக முளை பிடுங்கிக் கிடப்பதால் எதுவும் அழியவில்லை. அந்தக் கார்டில் கடைசியாக இருப்பது அவருடைய குரல். இருக்குமுங்க. அதற்கு முன்னால் இருப்பது அந்த ஞாயிறு விடியற்காலம், கொட்டகையில், சாவி இல்லாமல் ஓடிய கேமரா பேட்டரி இறங்கித் தானும் அணைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்த சுவர். இன்றைக்குக் குப்புராசு வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினால் போதும், சுவரும் போய்விடும், குரலும் போய்விடும், அவசரமென்றால் அதுகூட வேண்டாம், மெனு பட்டனை அமுக்கிக் கீழே ஆறு தடவை போய் ஓகே என்று இரண்டு தடவை அமுக்கினால் கார்டு மொத்தமும் வெள்ளையாகிவிடும், இங்கிலீஷ் எழுத்துப் படிக்க வராவிட்டாலும் எண்ணிக்கை தெரியும். முப்பத்தெட்டு வருஷத்துப் பெயர். லாரிக்காரர்கள் நாமக்கல்லில் எங்கே ஒயர் எரிந்தாலும் அத்தப்பனிடம் போ என்பார்கள். இந்த வரிசையில் பன்னிரண்டு கடை, பன்னிரண்டுக்கும் தெரிந்துபோகும், மல்லாக்கப் படுத்தால் அத்தப்பனுக்கு இடம் வலம் தெரியாது என்று சாதிக் ஒரு மாசத்துக்கு வைத்து ஓட்டுவான். ஓட்டட்டும். இல்லை, ஓட்ட வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றரை வருஷம் போனது போனதுதான், இப்போது சொன்னால் வருமா. வராது. அப்படியானால் சொல்லி என்ன. பதினாறு பத்தி. இன்றைக்கு ராத்திரி பதினேழாவது பத்தி இருக்காது, வண்டி அவளிடம் இருக்காது, பஸ்ஸில் யாரும் லைட்டை அணைக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டில் அடுப்பு இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கதவுத் தாழ்ப்பாள் இருக்கிறது. தன்னை நம்பாதவளுக்குக் கட்டம் போடுவதற்கா பஞ்சம்.

"அண்ணே, காலு கருகுது, மணம் வருது!" என்றான் சாதிக்.

அத்தப்பன் வெளியே வந்தார். எழுந்து நின்றபோது உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நேராக நின்றது. யாரையும் பார்க்காமல் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து முளையை மாட்டினார், கையை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டினார், கோகிலவாணி சாவியை வைத்தாள். திருப்பினார். சிவப்புப் புள்ளி எரிந்தது. எடுத்தார். மனசுக்குள் எண்ணினார், ஐந்தில் அணைந்தது. போட்டார், எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மூன்றாவது தடவையும் பார்த்தார். "ஆச்சுங்களா?" என்று குப்புராசு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "சாவியைக் குடுங்க, நான் எடுக்கறேன்." அத்தப்பன் சாவியைத் திரும்பவும் போட்டார். விரல் மெனு பட்டனின் மேல் இருந்தது. கீழே ஆறு தடவை. விரல் அங்கேயே நின்றது, பிறகு பக்கத்துப் பட்டனுக்கு நகர்ந்தது, பழைய படங்களைக் காட்டுகிற பட்டன். "அம்மிணி" என்றார். "அம்மிணி, இங்க ஒரு நிமிசம் வாங்க. நீங்களும் வாங்க" என்றார் குப்புராசுவிடம்.

கை அகலத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு. மூலையில் மட்டும் வெள்ளை எழுத்தில் மணி, மூன்று ஆறு.

"என்னுங்க இது, வெறும் இருட்டு?" என்றான் குப்புராசு.

"ஆமாங்க. வெறும் இருட்டுத்தான். அந்த ஞாயித்துக்கெழமை வெடியக்காலம், உங்க கொட்டாய்ச் சொவரு. வெள்ளையடிச்ச சொவருதானுங்க?"

"ஆமா."

"பெரிய லைட்டு எரிஞ்சிருந்தா வெள்ளை வெளேர்னு தெரியோணும். உள்லைட்டு எரிஞ்சிருந்தாக்கூட இந்தக் கண்ணாடியில மஞ்சளாத் தெரியோணும்." அடுத்ததைப் போட்டார். நாலு பன்னிரண்டு. இருட்டு. அடுத்தது, ஐந்து இரண்டு. இருட்டு, தூரத்தில் ஒரு சேவல் கூவியது. "அம்மிணி எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் போயிருக்கறாங்க."

கோகிலவாணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கார்க் கதவைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "அப்பப் பேட்டரி எப்படிங்க எறங்குச்சு?" என்று கேட்டது குப்புராசு. பேட்டரி பழசுங்க, நாலு வருஷமாச்சு. இந்த வாக்கியம் முழுசாக, தயாராக, நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது, அதில் பாதி உண்மைகூட, அவர் அதைப் பார்த்தார், விழுங்கினார், கல்லை விழுங்கின மாதிரி இறங்கியது. "ராத்திரியெல்லாம் இது எப்படிங்க படம் புடிச்சுது? சாவி இல்லாம இது ஓடப்படாது. ஓடியிருக்குது. ஓட உட்டவன் நானு. நடுவரிசையில இந்தப் பக்கமிருந்து நாலாவதுல குடுக்க வேண்டியதை, மல்லாக்கப் படுத்துட்டு அந்தப் பக்கமிருந்து நாலு எண்ணிக் குடுத்துட்டனுங்க. அணைச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கலை."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றாள் அவள். மெதுவாகத்தான் கேட்டாள்.

அத்தப்பன் கடைசிப் படத்தைப் போட்டார். திரையில் இதே ரோடு, இதே பஞ்சர் கடை, மதிய வெயில். படத்தில் அவர் இல்லை, அவள் இல்லை, குரல் மட்டும் சன்னமாக வந்தது. ராத்திரி லைட்டு எதாச்சும் போட்டு உட்டுட்டீங்களாம்மிணி. அணைச்ச மாதிரிதானுங்க நெனப்பு. எல்லாரும் நாந்தான். நிறுத்துகிற பட்டன் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. மறந்துட்டனோ என்னமோ. பிறகு சத்தமே இல்லாத ஓர் இடம் வந்தது, மூன்று மின்னல் நேரம், அதற்குள் ஒரு டவுன் பஸ் திரைக்குள் நுழைந்து வெளியே போனது, அத்தப்பன் கட்டைவிரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இருக்குமுங்க.

காற்று எந்திரத்தைச் சாதிக் எப்போது நிறுத்தினான் என்று தெரியவில்லை. குப்புராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எம்புள்ளைக்கு ஒண்ணரை வருசமுங்க" என்றான் ஒரு தடவை, யாரிடம் என்றில்லாமல். திட்டுவான் என்று அத்தப்பன் காத்திருந்தார், அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கோகிலவாணி குனிந்தாள், சேலைத் தலைப்பு அவர் தோளில் பட்டது, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த காகிதத்தை ஒரே இழுப்பில் கிழித்தாள், கசக்கவில்லை, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருக்குமோ என்று ஒரு கணம் தேடி, தேடியதற்கே வெட்கப்பட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றாள். "குப்புராசு, பிரதீபாவுக்குப் போனைப் போட்டு இங்க புடி, அவளும் கேக்கட்டும்." பிறகு அத்தப்பனிடம், "இதுல சத்தம் கூட்ட முடியுமுங்களா?"

"முடியுமுங்க" என்றார்.

சத்தத்துக்கு ஓரத்தில் ஒரு பட்டன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்துக்கு மேல் அந்தக் கேமராவில் ஏறாது, அது அவருக்குத் தெரியும். ஆறாவது தடவையும் அழுத்தினார்.